10 கோடி வயசுச் சங்குசக்கரம்

கத்திவிட்டேன். அரை நூற்றாண்டைத் தொடப்போகிற ஆள், ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பட்டப்பகலில் ஒரு செம்மண் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு "மாப்ள, சங்குசக்கரம்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன.

என்மேல் குற்றமில்லை. சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கல்காரன் கண்ணுக்கு அது சங்குசக்கரம்தான். உள்ளங்கை அகலம். நட்டநடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி விரிகிற குழல். கடைசிச் சுற்றில், திரி செருகுகிற இடம் மாதிரி ஒரு வாய். மருந்தடைத்த காகிதக் குழலைச் சுருட்டி ஒட்டினால் வருமே, அச்சு அசல் அதே உருப்படி. நிறம் மட்டும் பழுப்பு. எடை மட்டும் கல். வயது மட்டும் சுமார் 10 கோடி ஆண்டு.

"அது பேரு அம்மோனைட்டுடா. கணவாய்க்குச் சித்தப்பன் முறை. மெதுவா கீழ வை, உடைச்சிராத" என்றான் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு. நான் காலண்டர் அச்சாபீசுக்குப் போனேன், அவன் புவியியல் படிக்கப் போனான். முப்பது வருஷமாக "ஒருநாள் வாடா, காட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தீபாவளியும் முடிந்து, காலண்டர் சீசனும் முடிந்து, பிரஸ்சில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டேன்.

இடம் பெரம்பலூர் மாவட்டம் காரை. திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் பிரிந்து ஊட்டத்தூர் தாண்டிப் போனால், சோளக்காடும் பருத்திக்காடுமாக ஒழுங்காக இருந்த பூமி திடீரென்று கசங்கிப்போகிறது. மழைநீர் அறுத்து அறுத்துப் போட்ட மேடுபள்ளம். புல் முளைக்காத களிமண். நடுநடுவே வெள்ளை வெள்ளையாக ஜிப்சம், கண்ணாடிச் சில்லு மாதிரி வெயிலில் பளிச்சிடுகிறது. முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத பொட்டல். "குனி" என்றான் கூட்டாளி. குனிந்தேன். அவ்வளவுதான், அடுத்த மூன்று மணி நேரம் நான் நிமிரவே இல்லை.

பென்சில் பட்டாசு மாதிரி ஒரு முனை கூர்த்த கல்லுக்குச்சிகள் கிடக்கின்றன. பெலம்னைட் என்று பெயர். அதுவும் கணவாய்ச் சாதிதான், உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி மட்டும் கல்லாக மிஞ்சியிருக்கிறது. சுருண்ட புழுக்கூடுகள் கிடக்கின்றன, ஜாங்கிரி பிழியத் தெரியாதவர் பிழிந்த ஜாங்கிரி மாதிரி. தேடினால் சுறாப்பல் கிடைக்கும் என்றான். எனக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு ரெண்டு கிடைத்தது. கடுப்பாகத்தான் இருந்தது.

ஆடு மேய்க்கிற ஆயா ஒருத்தர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து எங்களை வேடிக்கை பார்த்தார். "என்னா தம்பி தேடுறீங்க?"

"பழைய நத்தைக் கல்லு ஆயா. ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சாம்."

"அதான் தெரியுமே. எங்க மாமியாவே சொல்லும். கடல் வத்திப்போன காடு இதுன்னு."

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் சிரித்தான். "நாங்க அஞ்சு வருஷம் படிச்சதை ஆயா ஒரே வரியில சொல்லிருச்சு பாரு."

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. எனக்குத் தெரிந்த கணக்கு காலண்டர் கணக்கு. தினசரி காலண்டர்த் தாள் ஒன்றின் கனம் தோராயமாக 0.07 மில்லிமீட்டர். நாளுக்கு ஒரு தாள் கிழிப்பதற்குப் பதிலாக வருஷத்துக்கு ஒரு தாள் என்று வையுங்கள். ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டி ஆயிரம் வருஷம் ஆகிறது. அதற்கான கட்டு 7 சென்டிமீட்டர். எங்கள் பக்கத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் தோண்டினார்களே, சங்கு வளையலும் சுடுமண் பொம்மையுமாக வந்துகொண்டே இருந்ததே, அந்தப் பழமைக்கு 2,000 வருஷம் என்று வைத்தால் 14 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட வராது. சிலப்பதிகாரத்தில் எங்கள் ஊர் தங்கால் என்று வருகிறது என்று நாங்கள் பீற்றிக்கொள்வதும் அந்தச் சாணுக்குள் அடக்கம். இப்போது என் கையில் இருந்த சங்குசக்கரம்? 10 கோடித் தாள். 7 கிலோமீட்டர் உயரக் கட்டு. படுக்கவைத்தால் திருத்தங்கலில் ஆரம்பித்து சிவகாசியைத் தாண்டிப் போய்விடும்.

அந்தக் கட்டின் அடித்தாளில் இந்த ஊர் எப்படி இருந்தது? இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டிக்கிடந்த பெருநிலம் பிய்ந்துகொண்டிருந்த காலம். நம் கிழக்கு ஓரம் விரிசல்விட்டு இறங்க, அந்தப் பள்ளத்துக்குள் கடல் நுழைந்தது. காவிரிப் படுகை பிறந்த கதை இதுதான். வெதுவெதுப்பான கடல். மேற்கே கரை. கரையிலிருந்து ஆறுகள் சேறும் மணலும் மரமும் கொண்டுவந்து கொட்டின. கடல் ஒரேடியாக வந்து ஒரேடியாகப் போகவில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்கு. 1850களின் கடைசியில் இந்த அடுக்குகளை நடந்தே அளந்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று கட்டாகப் பிரித்தார். நம் தேர்முட்டித் தெருக்கள் உள்ள ஊர்ப்பெயரெல்லாம் உலகப் புவியியல் புத்தகத்தில் ஏறியது அப்படித்தான். ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இதே பிளான்போர்டுதான் பின்னால் 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவர். 10 கோடி வருஷத்துச் சேற்றைப் படித்தவர், நாளைக்கு மழை வருமா என்று பார்க்கப் போயிருக்கிறார். காலண்டர்க்காரனுக்கு இவரைவிட நெருங்கிய சொந்தம் யார்?

பிளான்போர்டுக்கும் முன்பே, 1840களில், கே, கன்லிஃப் என்ற ரெண்டு மதராஸ் அதிகாரிகள் இந்தக் கல்லெல்லாம் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றுக்குப் பேர் வைத்தார். அப்புறம் ஸ்டோலிச்கா என்ற மொராவியாக்காரர் கல்கத்தாவில் உட்கார்ந்து நான்கு தொகுதி எழுதித் தள்ளினார். 1874இல் லடாக் மலையில் செத்தபோது அவருக்கு வயது 36. தென்னிந்தியக் கிளிஞ்சல்களுக்காக ஒரு மனுஷன் அவ்வளவு உழைத்திருக்கிறார், நாம் பேர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

அன்று சாயங்காலம் கூட்டாளி தனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியின் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனான். நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சமையற்கட்டை யார் பார்க்க விடுவார்கள்?

சமையற்கட்டேதான். ஊறவைத்த மாவு மாதிரி பிளாஸ்டிக் வாளிகளில் காரைக் களிமண் ஊறிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் ஒன்றைவிட ஒன்று சன்னமான சல்லடைகளில் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். சேறு ஓடிவிடும். கடைசிச் சல்லடையில் ஒரு சிட்டிகை மணல் நிற்கும். அதைக் காயவைத்து, நுண்ணோக்கியில் வைத்து, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொரு மணியாகப் புரட்டுகிறார்கள். எட்டிப் பார்த்தேன். மணல் இல்லை சாமி! குட்டிக் குட்டிச் சங்கு, பாப்கார்ன், ஜிலேபி, சோழி. ஒவ்வொன்றும் ஒரு உயிர், கடலில் மிதந்த ஒற்றைச் செல் உயிர் கட்டிக்கொண்ட வீடு. இதைப் பார்த்துத்தான் எந்த அடுக்கு எத்தனை வயது என்று சொல்கிறார்களாம். காரை, அரியலூர்ப் பக்கம் வெளியே தெரிகிற அடுக்குகள் கிழக்கே போகப் போகச் சரிந்து டெல்டாவின் வயலுக்குக் கீழே ஆழத்துக்குப் போய்விடுகின்றன. அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு மேலே வரும் கல்தூளில் இந்தப் பாப்கார்ன்தான் விலாசம் சொல்கிறது.

பெரிய உருப்படிகளுக்கு வேறு பக்குவம். பழைய டூத்பிரஷ், பெயின்ட் பிரஷ், பல் டாக்டர் வாயில் விட்டுக் குடைவாரே அந்த ஊசி. ஆராய்ச்சி பண்ணுகிற ஒரு தங்கச்சி, சோற்றுத்தட்டு அளவு அம்மோனைட்டின் மடிப்பில் சிக்கிய களிமண்ணை ஊசியால் தும்பு தும்பாக எடுத்துக்கொண்டிருந்தது. நாலு நாளாக அதே கல். "போர் அடிக்காதாம்மா?" என்றேன். "ரங்கோலிக்குப் புள்ளி வைக்கிற மாதிரிதான் அண்ணா" என்று சொல்லிவிட்டு நிமிராமல் வேலையைத் தொடர்ந்தது. ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை பெயின்ட் தொட்டு அதன்மேல் எண். நோட்டில் அதே எண்ணுக்கு நேரே ஊர், அடுக்கு, தேதி. அந்த எண் அழிந்துவிட்டால் அந்தக் கல் விலாசமில்லாத கடுதாசி.

அலமாரியில் ஒரு அம்மோனைட்டைக் குறுக்காக அறுத்து மெருகேற்றி வைத்திருந்தார்கள். உள்ளே அறை அறையாகத் தடுப்பு. விலங்கு குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். வளர வளர முன்னால் புது அறை கட்டிக்கொண்டு, பின்னால் உள்ளதை அடைத்துவிடும். அடைத்த அறைகளில் வாயு இருந்ததால் மிதக்கும். எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு, வெளிச்சுற்று ஓரமாக, நடுப்புள்ளிவரை ஒரு மெல்லிய குழாய் போகிறது. அறைகளில் இருந்த நீரை உறிஞ்சி, மிதப்பைச் சரிசெய்யும் குழாய்.

"மாப்ள" என்றேன். குரல் நடுங்கியது. "திரிடா இது."

"கத்தாத. இது லேப்."

அதோடு நின்றதா? உடம்புக்குள் தண்ணீரை இழுத்து ஒரு குழல் வழியாகப் பீய்ச்சி அடித்து, அந்த வேகத்தில் எதிர்ப்பக்கம் நகரும் பிராணி அது. சங்குசக்கரம் சுற்றுவது எப்படி? வாய் வழியாக நெருப்பு பீய்ச்சி, எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு. கணக்கு ஒன்றே. நாங்கள் தண்ணீருக்குப் பதில் மருந்து போட்டோம், அவ்வளவுதான். என் மகிழ்ச்சி எனக்கு. கூட்டாளி என்னை வெளியே டீ குடிக்கக் கூட்டிப்போய்விட்டான்.

டீக்கடையில் வைத்து எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. எங்கள் மலைமேல் நிற்கிற நின்ற நாராயணப் பெருமாள் 108 திவ்யதேசத்தில் ஒருத்தர். ஆச்சியின் பூஜையலமாரியில் ஒரு சாளக்கிராமம் இருந்தது. கறுப்பு உருண்டை. உள்ளே சக்கரம். பெருமாளின் சக்கரம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைப்பது அது, அந்தச் சக்கரமும் அம்மோனைட்தான், காரைக் கல்லைவிடவும் மூத்தது. ஐந்து வயதில் நான் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்த மாதிரி கத்தினேன்.

மறுநாள் அரியலூர்ப் பக்கம். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அரியலூர் என்றால் 1956 நவம்பரில் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்ததும் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும்தான். இப்போதைய பிள்ளைகளுக்கு அரியலூர் என்றால் சிமெண்ட் லாரி. ரோட்டோரத்து வேப்பமரம்கூட வெள்ளையாக நிற்கிறது.

ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். தலையில் கவசம், காலில் பூட்ஸ். படிக்கட்டு மாதிரி வெட்டி இறங்கியிருக்கிறார்கள். மதியம் சங்கு ஊதினார்கள். வெடி வைக்கப்போகிறார்களாம். அந்தச் சங்கைக் கேட்டதும் என் வயிறு என்னமோ செய்தது. எங்கள் பக்கத்தில் நேரங்கெட்ட நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்போம். இங்கே சத்தம் கேட்டதும் எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் புகை அடங்கும்வரை பேசவில்லை.

அப்புறம் சுவர்ப் பக்கம் கூட்டிப்போனார்கள். கல்லங்குறிச்சி அடுக்கு, சுமார் 7 கோடி வருஷம். அது சுவரே இல்லை. ஆளுயரத்துக்கு மேலே சிப்பி, சிப்பி, சிப்பி. அடுக்கிவைத்த அப்பளக்கட்டு மாதிரி. கை அகலச் சிப்பிகள், கனத்த குமிழ்ச் சிப்பிகள், ஓரம் ரம்பப்பல் மாதிரி மடிந்த சிப்பிகள். நடுவே வலை பின்னின மாதிரி பாசி விலங்குகளின் கூடு. இங்கே கடல் அடித்தளம் முழுக்கவே சிப்பிப் படுகையாக இருந்திருக்கிறது. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, தலைமுறை தலைமுறையாக.

டம்பர் ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர், "இதெல்லாம் கிளிஞ்ச சார். டெய்லி லோடு லோடா போவுது" என்றார். வண்டியின் முன்பலகையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு உருண்டைக்கல் வைத்திருந்தார். மேலே ஐந்து இதழ்ப் பூ அழுத்தின மாதிரி. கடல் முள்ளெலி. "நட்சத்திரக் கல்லு சார். ராசியானது. இது வந்தப்புறம் ஒரு பஞ்சர் கிடையாது." கூட்டாளி வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு பெயர் சொன்னான், ஸ்டிக்மடோபைகஸ். அண்ணன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "நட்சத்திரக் கல்லே இருக்கட்டும் சார்" என்று திரும்ப வாங்கிவைத்துக்கொண்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

கூட்டாளி பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு, கல்மேல் விட்டான். ஸ்ஸ்ஸ் என்று நுரைத்தது. கோலி சோடா மாதிரி. சுண்ணாம்புக்கல்லா என்று கேட்டால் கல் இப்படித்தான் பதில் சொல்லுமாம். நுரையில் வருவது கரியமில வாயு. சிமெண்ட் சூளையிலும் அதேதான் நடக்கிறது, நெருப்பால். 1,450 டிகிரி வரை சூடேறும் சூளையில் சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ போனால் 44 கிலோ வாயுவாகவே பறந்துவிடும். சிப்பி அன்றைக்குக் கடல்நீரிலிருந்து எடுத்து ஓட்டில் பூட்டிவைத்த வாயு அது, 7 கோடி வருஷம் கழித்து அரியலூர்ப் புகைபோக்கி வழியாக விடுதலையாகிறது. கடைசியில் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். அந்த ஜிப்சம்தான் காரையில் சில்லுச் சில்லாகக் கிடந்ததே!

நம் வீட்டுச் சுவரும் இப்படிச் சிப்பிதானா என்று கேட்டேன். எங்கள் மாவட்டத்துக் கல் என்றால் இல்லையாம். அரசு சிமெண்ட் ஆலை ரெண்டு. ஒன்று விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் 1970இல் வந்தது, இன்னொன்று அரியலூரில் 1979இல். ரெண்டுக்கும் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பாறையெல்லாம் பூமிக்குள் ஆழத்தில் போய் ஏறக்குறைய 55 கோடி வருஷத்துக்கு முன் வெந்து, உருகாக்குறையாக உருமாறியவை. பளபளவென்று படிகமாகிவிட்ட கல். அதில் எதுவும் எழுதியிருந்தாலும் அழிந்துபோயிற்று. "நம்மூர்க் கல்லுக்கு ஞாபகம் கிடையாதுடா" என்றான் கூட்டாளி. ஊர்ப்பாசத்தில் ரோஷம் வந்தது. பதில்தான் வரவில்லை.

ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சுரங்கம் வெட்டாவிட்டால் அந்தச் சிப்பிச் சுவரை ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெட்டினதால்தான் தெரிந்தது. தெரிந்த சுவர் அடுத்த வாரம் இருக்காது. ஆய்வு செய்பவர்களும் சுரங்கத்தைத் திட்ட முடியாமல் அதன் பின்னாலேயே ஓடுகிறார்கள். வெட்டி முடித்த குழிகளில் ஒரே ஒரு பக்கச் சுவரையாவது மூடாமல், உடைக்காமல், பிள்ளைகள் பார்க்க விட்டுவைத்தால் என்ன? கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிற பஸ்சையெல்லாம் இங்கேயும் கொஞ்சம் திருப்பிவிடலாமே.

திரும்பும் வழியில் கல்லக்குடி. 1953 ஜூலையில் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த இடம். அந்தக் கதை தெரியாத தமிழன் இல்லை. தண்டவாளத்துக்கு அக்கம்பக்கத்தில் பூமிக்குள் கிடப்பது பவளப்பாறை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1939 முதல் அங்கே சிமெண்டுக்காக வெட்டுகிற சுண்ணாம்புக்கல், காரைக் களிமண்ணுக்கும் முந்தைய ஒரு பவளத்திட்டின் எச்சம். கல்லக்குடி, கல்லங்குறிச்சி, கல்லமேடு. பேர் வைத்தவர்கள் கல்லைக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சாத்தனூர்க் கல்மரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது போய்ப் பார்க்கவேண்டியது. 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு முழு மரம் தரையில் கல்லாகக் கிடக்கிறது. ஆற்றோடு வந்து கடலில் மூழ்கி, சேறு மூடி, மரத்தின் நார்நாராகச் சிலிக்கா ஏறியது. 1940இல் அதை உலகுக்குச் சொன்னவர் தஞ்சாவூர்க்காரர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்குத் தலைவரான முதல் இந்தியர். இந்தப் பக்கத்துக் கல்மரத் துண்டுகள் சிலவற்றில் விரல் நுழைகிற ஓட்டைகள் உண்டு. மிதந்துவந்த கட்டையை அப்போதே கடல்புழுச் சிப்பிகள் துளைத்திருக்கின்றன. கப்பல் மரத்தை அரிக்கிற அதே ஜாதி. கப்பல் செய்ய ஆள் பிறக்கும் முன்பே அரிக்கப் பழகியிருக்கிறது.

வாரணவாசி அருங்காட்சியகத்தில் மோட்டார் பைக் சக்கரத்தளவு அம்மோனைட்டைப் பார்த்து நான் செய்ததை எழுதப்போவதில்லை. அங்கிருந்த பள்ளிப் பிள்ளைகள் என்னைவிட நாகரிகமாக இருந்தார்கள்.

இனி கல்லமேடு.

கடல் விலகிப்போயிருந்த காலத்தில், ஆறும் சேறுமாக இருந்த சமவெளியின் மணல் அது. சுமார் 7 கோடிக்கும் 6.6 கோடிக்கும் இடைப்பட்ட காலம். கழுத்தைப் பக்கவாட்டில் மடிக்கிற ஆமை ஒன்று அங்கே வாழ்ந்தது. 2001இல் அதற்கு வைத்த பெயர் கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ். நம் கூர்மாவதாரமும் கல்லமேடும் ஒரே பெயரில்! 2013இல் வாளி வாளியாக அந்த மணலைச் சலித்ததில், ட்ரூடான் வகை டைனோசரின் ஒரே ஒரு பல் கிடைத்தது. வடகண்டங்களில் மட்டும் அறியப்பட்டிருந்த வகை. ஒரு குன்றிமணியளவுகூட வராத பல்லுக்கு உலக அறிவியல் இதழில் இடம்.

பல்லை விடுங்கள். காலெலும்பு இருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். யாதகிரி, அய்யாசாமி என்ற ரெண்டு புவியியலாளர்கள் இடுப்பெலும்பு, தொடையெலும்பு என்று சில துண்டுகளோடு அதை விவரித்து, 1987 தேதியிட்ட கட்டுரையில் பெயர் வைத்தார்கள். பிருகத்காயசாரஸ். பிருகத் என்றால் பெரிய, காயம் என்றால் உடம்பு. தமிழில் சொன்னால் பெருங்காயசாரஸ். சாம்பாரில் போடுவதில்லை, சித்தர்கள் பொய் என்றார்களே அந்தக் காயம். முதலில் அதை மாமிசம் தின்னும் டைனோசர் என்றார்கள். பின்னால் வந்தவர்கள் நீள்கழுத்துத் தழைதின்னி என்று திருத்தினார்கள். இல்லை, அது வெறும் கல்மரமோ என்று சந்தேகித்தவர்களும் உண்டு. 2023இல் வந்த ஒரு மதிப்பீடு அதன் எடையை 110 டன்னுக்கு மேல் என்கிறது. நிலத்தில் நடந்ததிலேயே பெரியதாக இருந்திருக்கலாம். அரியலூரில்!

"எங்கடா வச்சிருக்காங்க? வா போவோம்" என்று எழுந்துவிட்டேன்.

"இல்ல மாப்ள."

"இல்லன்னா?"

"இல்ல. உதிர்ந்துபோச்சு."

களிமண்ணில் கிடந்த எலும்பு. மழையில் ஊறும்போது களிமண் உப்பும், வெயிலில் சுருங்கும். வெளியே வரும்போதே நொறுங்கத் தொடங்கியிருந்தது. காப்பாற்றி வைப்பதற்குள் பொடிப்பொடியாகிவிட்டது. 2017இல் அதை வெளிப்படையாக எழுதினார்கள். 2022இல் பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து அய்யாசாமியும் இன்னொருவரும் எழுதிய கட்டுரைக்கு "காவிரியின் தொலைந்த பேருருவம்" என்கிற பொருளில் தலைப்பு. அந்தப் படங்களில் ஒன்றைக் கூட்டாளி செல்போனில் காட்டினான். மண்ணில் ஒரு நீளமான எலும்பு. அவ்வளவுதான். 7 கோடி வருஷம் தாங்கினது, வெளிக்காற்றுப் பட்டுச் சில மழைக்காலம் தாங்கவில்லை. வெடித்து முடிந்த வெடியின் காகிதத்தையாவது மறுநாள் பொறுக்கலாம். இதில் அதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் என் துள்ளல் அடங்கித்தான் போயிற்று. கூட்டாளி தேற்றுகிற மாதிரி குன்னத்துக் கதையைச் சொன்னான். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கிடைத்தவற்றை டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு செல்ஃபி எடுத்தது. வல்லுநர்கள் வந்து பார்த்து, முட்டையில்லை, கடற்படிவில் திரண்ட கல்லுருண்டை, சிலதுக்குள் அம்மோனைட் இருக்கும் என்றார்கள். ஊர் ஏமாந்துபோனதாம். எனக்குப் புரியவே இல்லை. முட்டைக்குப் பதில் சங்குசக்கரம் கிடைத்ததற்கு யாராவது ஏமாறுவார்களா?

கல்லமேட்டு மணலுக்கு மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். மறுபடி கடல். ஆனால் இந்தக் கடலில் ஒரு அம்மோனைட் கிடையாது. 6.6 கோடி வருஷத்துக்கு முன் வந்த பேரழிவில் டைனோசரோடு அதுவும் கூண்டோடு போயிற்று. அதன் ஒன்றுவிட்ட பங்காளி நாட்டிலஸ் மட்டும் நின்னியூர்க் கடலிலும் இருந்தது, இன்றைக்கும் பசிபிக்கில் நீந்துகிறது.

ரயிலில் திரும்பும்போது கூட்டாளி தூக்கக் கலக்கத்தில் கேட்டான்: "நம்மூர்ல இத்தனை போர்டுல லித்தோ லித்தோன்னு இருக்கே, அப்படின்னா என்ன தெரியுமா?"

"லித்தோ பிரஸ்டா. தீப்பெட்டி லேபிள் அடிப்போம்."

"லித்தோஸ்னா கிரேக்கத்துல கல்லு. 1790கள்ல ஜெர்மனியில செனஃபெல்டர்னு ஒருத்தர் கல்லுமேல எழுதி அச்சடிக்கக் கண்டுபிடிச்சாரு. பவேரியாவுல சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லு. வழுவழுன்னு இருக்கும். அந்தக் கல்லை வெட்டப் போனவங்கதான் சிறகு முளைச்ச டைனோசரப் பிளந்து எடுத்தாங்க. ஆர்க்கியாப்டெரிக்ஸ். 1861இல பேரு வச்சப்போ கூட ஒட்டுப்பேரா லித்தோகிராஃபிகான்னு சேர்த்தாங்க. அச்சுக்கல்லுப் பறவைன்னு வச்சுக்கோ."

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான். எனக்கு எங்கே தூக்கம்? எங்கள் பிரஸ் கொடவுனில் ஒரு கல் கிடக்கிறது. முதலாளியின் அப்பா காலத்து லித்தோ கல். காலண்டர்க் கட்டு மடங்காமலிருக்கப் பாரம் வைக்கிற கல். இருபத்தைந்து வருஷமாக அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்திருக்கிறேன்.

விடிந்தும் விடியாமலும் வீட்டுக்குப் போய், பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கொடவுனுக்கு நடந்தேன். பின்னாலேயே வீட்டுக்காரி, "ஊறுகாயா போடப் போறீக?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கல்லைப் புரட்டி, தூசி துடைத்து, ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி, பழத்தை அறுத்துப் பிழிந்தேன். குனிந்து காதை வைத்தேன்.

ஸ்ஸ்ஸ்.

தெருவில் நாய் குரைத்தது. பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள்.